எதிர் வக்கீலுக்கும் நானே ஃபீஸ்

வெள்ளி, ஜூலை 12, 1996

விவாகரத்து கேட்டது நான். ஜீவனாம்சம் கேட்பது என் கணவர் செந்தில். பேங்க் ஆபீசரான நான் மாதாமாதம் அவருக்குக் கொடுக்க வேண்டுமாம்.

இன்று கோர்ட்டில் நீதிபதி அவரையே கேட்டார்.

"உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கய்யா. கிரைண்டர் பட்டறையத்தான் மூடிப்போட்டேனுங்க."

"எப்போ?"

"இவ நோட்டீஸ் உட்ட மறு மாசமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பட்டறைக்குப் பெயர் வைத்ததே நான்.

கணவனும் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் உழைக்கத் தெம்புள்ளவர் வேண்டுமென்றே தொழிலை விட்டுவிட்டுக் கேட்க முடியாது என்று நீதிபதி மாதப் பணத்தை மறுத்துவிட்டார். நான் மூச்சு விடுவதற்குள், இப்போது கையில் வருமானம் இல்லாததால் அவருடைய வழக்குச் செலவை மட்டும் நான் கொடுக்க வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் என் வக்கீலிடம் எரிந்து விழுந்தேன். "என்னைத் திமிர் புடிச்சவள்னு மனுவுல எழுதுன வக்கீலுக்கு நான் ஃபீஸ் கட்டோணுமுங்களா?"

"சட்டம் அப்படித்தானுங்க அம்மணி" என்றார் அந்தப் பெரியவர்.

அடுத்த வாய்தாவில் எனக்குக் குறுக்கு விசாரணை. என் சம்பளத்தில் வந்த ஆள் என்னையே கூண்டில் நிறுத்தி, "நீங்க நல்ல மனைவியா?" என்று கேட்பார். நான் பணிவாகப் பதில் சொல்ல வேண்டும்.