பிரசங்க நேரத்துத் தூக்கம்

2012 மே, ஞாயிறு இரவு. படப்பை.

இன்றும் பிரசங்கத்தின் நடுவில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். எல்லாரும் நைட் ஷிப்ட் முடித்து நேராகச் சபைக்கு வருகிறவர்கள். முன்வரிசையில் சாய்ந்து கிடந்த செல்வினைக் கோபத்தில் உலுக்கி எழுப்பினேன்.

"தப்பா நெனைக்காதீய ஐயா. ஞாயித்துக்கெழம லீவுன்னு ரூம்ல பகல் ஷிப்ட்டுக்காரவ எல்லாரும் படுத்திருப்பாவ. எங்களுக்குப் படுக்க எடமில்ல. இங்கதான் பாயும் ஃபேனும் இருக்கு."

என் பிரசங்கத்தைக் கேட்க வருகிறார்கள் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இதற்காகவா கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தேன்? இந்த வயதில் திரும்பப் போய்க் கேட்டாலும் அந்த வேலையைத் தரமாட்டார்கள்.

"வுடுங்க, தூங்கட்டும்" என்று என் மனைவி ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பிவைத்தாள்.

நான் வாயை மூடிய பிறகு அறையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் பேசிய எந்த ஞாயிறும் அப்படி ஓர் அமைதி வந்ததில்லை. கர்த்தர் அங்கே இருந்தார். எனக்காக வந்த மாதிரி தெரியவில்லை.

ஆசீர்வாத ஜெபத்தைக் காதோடு சொல்வதுபோல் சொல்லி முடித்தேன். யாரையும் எழுப்பவில்லை. எழுப்பினால் அவர்களுக்குப் போக இடமில்லை. எனக்கும்தான்.