கதவுக்கு வெளியே கத்தும் மெஷின்

அம்மாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இந்தத் தொற்று வார்டில் மருந்தேற்றும் மெஷின் கத்தும்போதெல்லாம் கவச உடையை மாட்டிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். உடைக்கோ பஞ்சம். நீளமான டியூப் போட்டு மெஷின்களைக் கதவுக்கு வெளியே வைக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். நர்ஸுகளுக்குத் தொற்றுவது குறைந்தது. என்னைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

ஒரு வேடிக்கையைக் கேள். நேற்று உள்ளே போனபோது, ஒரு தையல்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது கத்தினா யாராச்சும் வருவீங்கன்னு காத்துக்கிட்டு கிடப்பேன்மா. இப்ப கத்தறதே இல்லையே, ரிப்பேரா?"

"ஆமாம்மா, சரிபண்ணிடறோம்" என்றேன்.

டாக்டரிடம் சண்டை போட்டு, இன்று காலை அந்த அம்மாவுடைய மெஷினை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். கட்டில் காலி.

டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். போனில் பேச ஒன்றும் இல்லையென்றாலும் உடனே வைத்துவிடாதே அம்மா. பக்கத்தில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். நீ பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டால் போதும்.

உன் பெரியவள்