சும்மா விட வேண்டியது செடியைத்தான்

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய அண்ணனுக்கு,

நல்லாயிருக்கியா என்று கேட்க மாட்டேன். உன்மேல் எனக்கு அத்தனை ஆத்திரம்.

நாளையோடு நீ போய் ஒரு வருஷம். பேத்துப்பாறை வீட்டு வாசலில் நீ நட்ட ஹைட்ரேஞ்சியாவில் இலைதான் இருக்கிறது, ஒரு பூ இல்லை. போன மே மாசம் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது நீலமாகக் கொத்துக்கொத்தாய்ப் பூத்துக் கிடந்தது. அண்ணி அத்தனையையும் ஒடித்து உன் பெட்டிமேல் வைத்தார்கள். முதல் வருஷத்துக்கும் அந்தப் பூவைத்தான் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

பூக்காததற்குக் காரணம் நான்தான். கொடைக்கானலில் ஓட்டல் தோட்டத்து வேலைக்காரி இல்லையா? சீசனுக்குப் பூக்கட்டும் என்று தை மாசம் ரோஜாக்களை வெட்டினோம். அதே கத்தரியோடு வந்து உன் செடியையும் முட்டளவுக்கு வெட்டிவிட்டேன். நீ என்றைக்கு அதைக் கவனித்தாய்? கேட்டால், "சும்மா விடு புள்ள, அது பாத்துக்கிடும்" என்பாய். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

நேற்று எங்கள் ஓட்டல் தோட்டக்காரர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன சோலி பாத்து வச்சிருக்க! இது போன வருஷத்துக் கொப்புலதான் பூக்கும். ரோஜான்னு நெனச்சியா? காஞ்சா தண்ணி ஊத்து, வருஷத்துக்கு ஒருக்கா எருவப் போடு. மத்தபடி சும்மா விடுறதுதான் இதுக்குப் பண்டுதம்."

சரி, செடி விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. ஆனால் நெஞ்சு வலித்தபோதும் அதையே சொன்னாயே, படுபாவி! நீ ஓட்டிய டாக்ஸியைவிட்டு இறங்காமல், "சும்மா விடு, சீசன் முடியட்டும், பாத்துக்கிடலாம்" என்றாய். நெஞ்சு என்ன, வாசலில் வைத்த செடியா? சீசன் முடியுமுன்னே நீ போய்விட்டாய். யார் பார்த்தது?

வெட்டியது நான் என்று இன்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன். வசவு வாங்கத் தயாராக நின்றேன். ஏரிக்கரையில் சோளக்கதிர் சுட்டு விற்றுவிட்டு வந்தவர்கள், இடது தோளை அமுக்கிக்கொண்டே, "விடு செல்வி, அடுத்த வருஷம் பூக்கும்" என்றார்கள்.

"தோளுக்கு என்ன அண்ணி?"

"ஒரு வாரமா வலிக்குது. நெஞ்சும் படபடங்குது. சீசன் முடியட்டும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்தப் பேச்சையா அவர்களுக்கு விட்டுவிட்டுப் போனாய்?

சத்தியமாகச் சொல்கிறேன், இனி உன் செடிமேல் கத்தரி வைக்க மாட்டேன். ஆனால் அண்ணியைச் சும்மா விட மாட்டேன். ஜீப்புக்குச் சொல்லியாகிவிட்டது, இப்போதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகிறேன். சீசனாவது மண்ணாவது! உன் கல்லறைக்கு அப்புறம்தான் வருவோம், அதுவும் வெறுங்கையோடு. நீ எங்கே போய்விடப் போகிறாய்? காத்துக் கிட.

கோபம் தீராத உன் தங்கச்சி,
செல்வி