குறுக்கே போன பூனை

வெள்ளிக்கிழமை இரவு, திருவானைக்காவல்.

காலையில் கார்த்தி லண்டனுக்குக் கிளம்பினான். முதல் வேலை. வழியனுப்ப வாசலுக்குப் போனேன். நாத்தனார் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. அண்ணன் போய் இன்னும் வருஷம் திரும்பலை. நல்ல காரியத்துக்குப் போறான், நீங்க எதிர்ல நிக்க வேணாம். கார் போனதும் வாங்க."

பெற்ற பிள்ளைக்கு நான் அபசகுனம். அவன் காதிலும் விழுந்தது. குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தான்.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கார் நகர்ந்ததும் ஒரு கருப்புப் பூனை குறுக்கே ஓடியது. நாத்தனார் பதறினாள்.

"இறங்குடா! உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவசரமாக ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்தேன். என் கையால் குடித்துவிட்டுப் போவான் என்று நினைத்தேன்.

அவன் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிச் சிரித்தான்.

"விடுங்க அத்தை. நான் போற ஊர்ல கருப்புப் பூனை குறுக்க வந்தா அதிர்ஷ்டம்பாங்க. பாவம், அது என்ன பண்ணுச்சு?"

கார் போய்விட்டது.

அந்தத் தண்ணீர் இன்னும் மேடையிலேயே இருக்கிறது. கொட்ட மனசு வரவில்லை. பூனைக்குப் பரிந்து பேசத் தெரிந்திருக்கிறது அவனுக்கு.