வெளியிலிருந்து ஒரு மெயில்

மார்ச் 3, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியின் மெயில் சர்வரைப் புது மெஷினுக்கு மாற்றினேன். பழையதை அணைத்து, துணி போட்டு மூடியாயிற்று. அன்றிலிருந்து ஒரு குப்பை மெயில்கூட இல்லை. பெரிய டாக்டரே கூப்பிட்டு, "என்னய்யா மந்திரம் போட்ட? இன்பாக்ஸ் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றார். புது வடிகட்டியின் வேலை என்று மார்தட்டிக்கொண்டேன். பன்னிரண்டு வருஷத்தில் இங்கே எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. வீட்டில் சொன்னால் மனைவி சிரிக்கிறாள். "ஒண்ணும் வராததுக்கா பாராட்டு?"

மார்ச் 4, புதன்

அடுத்த அறை போன் ஆபரேட்டர் அக்காவின் வீட்டுக்காரர் இங்கேதான், மூன்றாவது மாடியில், ஆறு நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறார். ரத்தத்தில் என்ன கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று வேறு ஊர் லேப் ஒன்று பார்த்து மெயிலில் அனுப்ப வேண்டும். அதுவரை டாக்டர் உத்தேசமாக ஒரு மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

அக்கா ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடியே என் அறைக்கு வந்தார். "தம்பி, ரிப்போர்ட் வந்துச்சான்னு கொஞ்சம் பாரேன்."

பார்த்தேன். இல்லை. "அனுப்பியிருந்தா வந்திருக்கும்க்கா. நம்ம பக்கம் எல்லாம் பக்கா" என்றேன்.

மார்ச் 5, வியாழன்

அக்கா லேபுக்கே போன் போட்டிருக்கிறார். திங்கட்கிழமையே அனுப்பிவிட்டார்களாம். போனில் படித்துச் சொல்ல விதி இல்லையாம். மறுபடி அனுப்புகிறோம் என்றார்களாம். அதுவும் வரவில்லை.

"அனுப்பிட்டோம்னு அடிச்சு சொல்றாங்க தம்பி."

"எல்லாரும் அப்படித்தான்க்கா சொல்லுவாங்க."

அவர் நகராமல் நின்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. அவர் கண்ணெதிரிலேயே வார்டுக்கு ஒரு மெயில் அனுப்பிக் காட்டினேன். மூன்று நொடியில் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பதிலும் வந்தது. "பாத்தீங்களா?" தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 6, வெள்ளி

பள்ளிக்கூடப் படிவம் ஒன்றைப் பிரின்ட் எடுக்கச் சொல்லி மனைவி காலையில் என் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறாள். மதியம் போன். "இன்னுமா வரல?"

செல்போனில் ஆஸ்பத்திரி வைஃபையை அணைத்துவிட்டு, வெளியாள் மாதிரி எனக்கே ஒரு மெயில் அனுப்பினேன். பத்து நிமிஷம். வரவில்லை. சர்வரின் பதிவைப் புரட்டினேன். ஞாயிறு மாலையிலிருந்து வெளியே இருந்து ஒருவர்கூட வந்து தட்டவில்லை.

வெளியிலிருந்து வருவதை உள்ளே வழி காட்டி விடும் ஃபயர்வாலின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். வெளி மெயில் எல்லாம் இன்னும் பழைய மெஷினுக்கே போகிறது. அணைத்து, துணி போட்டு மூடிய மெஷினுக்கு. ஒரே ஒரு வரி. அதை நான் மாற்றவில்லை. உள்ளே இருந்து உள்ளே அனுப்புவது அந்த வழியாகப் போகாது — அதனால்தான் நேற்று அவ்வளவு அழகாகப் போனது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன்.

மாற்றினேன். மணி மூன்று ஐந்து. திறக்காத கதவை மெயில்கள் சில நாள் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும். அரை மணியில் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. முதலில் குப்பை. லாட்டரி, எடை குறைக்கும் மாத்திரை. நடுவில் லேப் ரிப்போர்ட். அனுப்பிய நேரம்: திங்கள், 11.20.

மாடிக்கு ஓடினேன். டாக்டர் படித்தார். "இப்ப ஏத்துற மருந்துக்கு இது அசையவே அசையாதே." உடனே மருந்தை மாற்றினார்கள். அக்கா கட்டிலருகில் நின்று என்னைக் கும்பிட்டார். "ஓடி வந்து குடுத்தியே தம்பி. நல்லா இருப்ப."

சொல்லியிருக்கணும். சொல்லாமலே கீழே இறங்கி வந்துட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அக்காவின் வீட்டுக்காரர் காலை ஆறு நாற்பதுக்குப் போய்விட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

திங்கட்கிழமையே, நான்கு நாள் முன்னால், மருந்தை மாற்றியிருந்தால்? டாக்டரிடம் கேட்டேன். "வாய்ப்பு இருந்துச்சு" என்றார், கையைக் கழுவிக்கொண்டே.

மேலாளர் அறிக்கை கேட்கிறார். "லேப் லேட்டுன்னு போடுப்பா. யாரு கேக்கப் போறா?"

யாரு கேக்கப் போறா. அக்கா கேக்க மாட்டாங்க. அதுதானே கொல்லுது. என்னைக் கும்பிட்டாங்கடா அவங்க.

மார்ச் 11, புதன்

உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். கிழித்துப் போட்டால் போடட்டும்.

மார்ச் 27, வெள்ளி

அக்கா வேலைக்குத் திரும்பினார். மதியம் அவர் அறைக்குப் போய், ரிப்போர்ட்டின் நகலை மேஜையில் வைத்தேன். அனுப்பிய நேரம், வந்து சேர்ந்த நேரம், இரண்டுக்கும் கீழே கோடு போட்டிருந்தேன். இரண்டு கோட்டின் மேலும் விரலை வைத்துப் படித்தார்.

"இத்தன நாள் எங்க கிடந்துச்சு?"

"என்னாலதான்க்கா. ஒரு வரிய மாத்தாம விட்டுட்டேன். நீங்க சொன்னப்பவும் பாக்கல."

போர்டில் விளக்கு மின்னியது. "ஆஸ்பத்திரி, சொல்லுங்க" என்று எடுத்து, யாரையோ எந்த வார்டுக்கோ இணைத்தார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் திரும்பவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

தினம் காலை வைஃபையை அணைத்து, வெளியிலிருந்து எனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்க்கிறேன். ஒன்பது மணிக்கு என் மேஜை போன் அடிக்கும், அக்காதான். அடுத்த அறை, பத்தடிதான். ஆனாலும் நேரில் வருவதில்லை. தம்பி என்பதும் நின்றுவிட்டது.

"வெளி மெயில் வருதா?"

"வருதுக்கா."

"பாத்துட்டு சொல்லுங்க."

மறுபடி அனுப்பிப் பார்க்கிறேன். அது வந்து சேரும்வரை அவர் போனை வைப்பதில்லை.