பட்டியலில் விடுபட்ட ராக்காயி

மல்லாவி
14.10.1997

அன்பு மகள் சிவதர்சினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இருக்கிறோம், நடமாடுகிறோம். நீ அங்கே நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டுமென்று, விட்டுவந்த முரசுமோட்டைப் பிள்ளையாரைத்தான் இங்கிருந்தும் கும்பிடுகிறோம். அம்மாவுக்கு மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டது, உன் கதையை எடுத்தால் அழுகைதான் விடுவதில்லை. வவுனியாவில் யாரோ உன் அறையைக் கிண்டிக் கிளறிவிட்டுப் போன நாளிலிருந்து இந்தச் செய்தி வேலை வேண்டாம் வேண்டாம் என்று எத்தனை கடிதம் எழுதினேன், லண்டன் வானொலிக்குப் போயும் நீ விடவில்லை. இன்றைக்கு அந்த வேலையில் நானே ஒரு பிழை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

அகதிக் கொட்டில்களில் ஷெல் விழுந்ததைப் பற்றி, செத்தவர்களின் எண்ணிக்கை வேண்டாம் அப்பா, கொட்டில் கொட்டிலாய்ப் போய்ப் பெயரும் வயதும் கேட்டு எழுதுங்கோ என்று கேட்டிருந்தாய். நான் போகவில்லை பிள்ளை. அந்த முகங்களைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சங்கக்கடை யோகநாதனைக் கொண்டு நிவாரண அட்டைப் பதிவைப் பார்த்துப் பதினொரு பெயரை எழுதுவித்து, வாசித்தும் பாராமல் உறையை ஒட்டிவிட்டேன். ராக்காயியின் அட்டை இடம்பெயரும்போது தொலைந்தது, புதியது கொடுபடவில்லை. அதனால் பதிவில் அவள் இல்லை. ஓம் பிள்ளை, எங்கள் ராக்காயிதான். எங்கள் வயலில் களை பிடுங்கினவள், மாரியில் உன்னை இடுப்பில் வைத்து வாய்க்கால் தாண்டிப் பள்ளிக்கூடம் விட்டவள். பட்டியலில் பார்த்து அறிந்துகொள்வாய் என்று தனியாக எழுதாமல் விட்டேன், பாவி நான்.

போன வெள்ளி பின்னேரம் உன் நிகழ்ச்சி வந்தது. பற்றரிக்கு இங்கே தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் றேடியோ கதைக்கும், கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும். ராக்காயியின் புருஷன் கணபதி, நானே சுத்துறேங்க ஐயா, அவ பேரைப் பாப்பா சொல்றதைக் கேக்கணும் என்று வந்து குந்தினார். நீ ஒவ்வொரு பெயராகச் சொன்னாய். பதினொன்றும் முடிந்து பாட்டும் போட்டாயிற்று, மனிசன் சுற்றுவதை விடவில்லை. இனித்தான் வருமா ஐயா என்று கேட்டார். ஓம், வரும் என்றேன். வேறென்ன சொல்ல? அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் வந்து சுற்றுகிறார், நானும் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் இருக்கிறேன்.

நேற்று அவர் கொட்டிலுக்கே போய்க் கேட்டேன். குறித்துக்கொள்: கணபதி மனைவி ராக்காயி, வயது ஐம்பத்திரண்டு. ஊர் என்ன போட என்று கேட்டதற்கு, பொறந்தது தேயிலை மலையிலதான், முரசுமோட்டைன்னே போடுங்க என்றார். கண் காட்ட வவுனியாவுக்குப் போகப் பாஸ் கிடைத்த இராசேஸ்வரி ரீச்சர், அங்கே தபாலில் போட இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகிறா. சோதனையில் பிடிபட்டால் வில்லங்கம் என்றேன், ஒரு பெயர்தானே அண்ணை, தாங்கோ என்று வாங்கி வைத்துக்கொண்டா.

உன்னை நினைத்துப் பயம் போகவில்லை. ஆனாலும் வேலையை விடு என்று இனி எழுதமாட்டேன், அம்மா கோபித்தாலும் கோபிக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளையார் உனக்குத் துணை நிற்பார்.

ஒன்றை மறந்துவிடாதே. அவள் பெயரை இரண்டு தரம் சொல்லு. கணபதிக்கு இப்போது சுற்றச் சுற்றக் கை ஓய்ந்துவிடுகிறது, ஒரு தரம் குரல் அறுந்தாலும் மற்றத் தரமாவது கேட்கட்டும்.

உன் அப்பா
ஏரம்பு