கும்பிட்டால் இறுகும் சதை

இன்று திண்டிவனம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் தோளில் வலித் தைலம் தேய்த்திருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. தங்கச்சி தெவசத்துக்குப் போகிற அக்காவுக்கு அழுகை வரவேண்டும். வரவில்லையடி.

எனக்கு நெஞ்செலும்பு ஓரம் தடிப்பு தெரிந்து, மார்பை எடுத்த படத்தில் நிழல் விழுந்திருக்கிறது என்று சொன்னபோது, விழுப்புரம் ஆஸ்பத்திரி வாசலில் என்னைவிட அதிகம் அழுதவள் நீ. உள்ளே டாக்டரம்மா, "கும்பிடற மாதிரி ரெண்டு கையையும் நல்லா அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். தடிப்பு கயிறுபோல் இறுகி எழுந்தது. பெரிய ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, "கட்டி இல்லம்மா. அபூர்வமா சிலருக்குப் பொறக்கும்போதே இருக்கிற கூடுதல் தசை. படத்துல கட்டி மாதிரி ஏமாத்தும்" என்றார். திரும்பும்போது நான் கும்பிட்டு அழுத்திய கதையைக் கேட்டுவிட்டு, வறுத்த மல்லாட்டையைத் தோல் உடைத்துக் கடலையை மென்றுகொண்டே, "எங்க அக்காவுக்கு மட்டும் சாமி எக்ஸ்ட்ரா சதை வச்சி அனுப்பியிருக்காரு" என்று பஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தாய்.

அடுத்த வருடம் உனக்கும் அதே இடத்தில் தட்டுப்பட்டது. வா, போய்க் காட்டலாம் என்று எத்தனை முறை கூப்பிட்டேன்.

"உனுக்கு இருக்கறதுதான் யக்கா எனுக்கும். ஒரே வயித்துல பொறந்தவதானே? தைலம் தேச்சிக்கினு இருக்கேன். மல்லாட்டை புடுங்கி முடிச்சிட்டு வர்றேன்."

ஒரே வயிற்றில் பிறந்தால் சதையும் ஒன்றாகிவிடுமா? டாக்டரம்மா அப்படியா சொன்னார்? நீ வந்து சேர்ந்தபோது அது ஈரல் வரைக்கும் பரவியிருந்தது.

காரியத்தன்று உன் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்: "ரொம்ப நாளாவே கண்ணாடி முன்னால நின்னுக்கினு கும்பிட்டுக்கினே இருந்தா, அக்கா. சாமி கும்பிடறான்னு நெனைச்சேன்."

அது சாமி கும்பிட்டது இல்லையடி. அழுத்திப் பார்த்திருக்கிறாய். இறுகவில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு? பயந்தால் அக்காவிடம் ஓடி வரவேண்டியதுதானே? உன் பயத்தை மூடி வைக்க என் சதைதான் கிடைத்ததா? நினைக்க நினைக்க உன்னை இழுத்து வைத்து நாலு அறை விடவேண்டும்போல் இருக்கிறது. எங்கே போய் விடுவது?

இன்று உன் படத்துக்கு மாலை போட்டு எல்லோரும் கும்பிட்டார்கள். "நீங்களும் கும்பிடுங்கக்கா" என்றார் உன் வீட்டுக்காரர். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லோரும் ஒருமாதிரி பார்த்தார்கள், பார்க்கட்டும்.

கும்பிட்டால் எனக்கு இறுகுமடி.